உறங்கும் முன் அரை மணி நேர வாசிப்பு

படுப்பதற்கு அரை மணி நேரம் முன்பே கைப்பேசியை வேறு அறையில் வைத்துவிட்டு, சிறு விளக்கின் கீழ் அச்சுப் புத்தகம் ஒன்றைப் பிரியுங்கள். திரையின் நீல ஒளி தூக்கத்துக்கான மெலட்டோனின் சுரப்பைத் தாமதப்படுத்தும், தாளில் அந்தத் தொல்லை இல்லை. விறுவிறுப்பான துப்பறியும் கதைகளைப் பகலுக்கு ஒதுக்கிவிடுவது நல்லது, இல்லையேல் இன்னும் ஓர் அத்தியாயம் என்றே விடிந்துவிடும். பிடிக்காத நூலைக் கடமைக்காக முடிக்க வேண்டியதில்லை.

50 வயதைக் கடந்த 3,635 பேரின் 12 ஆண்டுத் தரவுகளை ஆராய்ந்து, யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், புத்தகம் வாசிப்போருக்கு இறப்பு அபாயம் 20 சதவீதம் குறைவாக இருந்தது. வாசிப்பு மட்டுமே காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது என்றாலும், தொடங்குவதற்கு அது போதும்.

ஒரே வரியை மூன்றாம் முறை படிப்பதாகத் தெரிந்தால், பக்க அடையாளத்தைச் செருகிவிட்டு விளக்கை அணையுங்கள்.