பத்து ரூபாய் நாணயம்: கொடுக்கும்போதும் வாங்கும்போதும் நாம் செய்யும் தவறுகள்

சென்னையில் ஓரளவு தடையில்லாமல் புழங்கும் பத்து ரூபாய் நாணயம், மாவட்டங்களுக்குள் போனால் பல ஊர்களில் கடை வாசலிலேயே நின்றுவிடுகிறது. டீக்கடையில் "நோட்டு இல்லையா?" என்று கேட்கிறார்கள். மளிகைக் கடையில் கல்லாவில் உட்கார்ந்திருப்பவர் பார்த்தவுடனேயே தலையை ஆட்டிவிடுகிறார். அழுக்கேறி, நடுவில் டேப் ஒட்டிய பத்து ரூபாய் நோட்டை மறுபேச்சின்றி வாங்கும் அதே கை, பளபளக்கும் நாணயத்தைக் கண்டதும் பின்வாங்குகிறது. இருபது ரூபாய் நாணயத்தின் கதி இன்னும் மோசம். அப்படி ஒன்று வெளியாகியிருப்பதே சிலருக்குத் தெரியாது.

மறுக்கும் கடைக்காரரிடம் பொறுமையாகக் கேட்டுப் பாருங்கள். அந்த நாணயம் செல்லாது என்று அவரே நம்புவதில்லை. "எனக்கென்ன சார், நான் கொடுத்தால் யாரும் வாங்குவதில்லையே" என்பார். முழுச் சிக்கலும் இந்த ஒரு வரிக்குள் இருக்கிறது. அடுத்தவர் வாங்கமாட்டார் என்று நினைத்து ஒவ்வொருவரும் மறுக்கிறோம். நாம் மறுப்பதைப் பார்த்து அடுத்தவரும் மறுக்கிறார். ஆகவே கடைக்காரர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. வாடிக்கையாளர்களாகிய நம் பக்கமும் தவறுகள் நிறைய.

முதலில் போலி நாணயம் என்ற வதந்தி. பத்து ரூபாய் நாணயம் பல வடிவங்களில் வந்திருக்கிறது. ரூபாய்க் குறியீடு 2010-இல் அறிமுகமானது; அதற்கு முன் அச்சான நாணயங்களில் அந்தக் குறி இருக்காது. மேற்பகுதியில் கதிர்போல விரியும் கோடுகள் சிலவற்றில் பதினைந்து இருக்கும், குறியீடு உள்ளவற்றில் பத்து இருக்கும். "பத்துக் கோடு இருந்தால் நல்லது, பதினைந்து இருந்தால் போலி" என்று வாட்ஸ்அப்பில் சுற்றிய செய்திக்கு எந்த அடிப்படையும் கிடையாது. இந்தக் குழப்பத்தைத் தீர்க்கவே ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில், அதுவரை வெளியான பதினான்கு வடிவங்களும் செல்லும் என்று அறிவித்தது. 14440 என்ற எண்ணை அழைத்தால் இதே விவரம் குரல் பதிவாகக் கிடைக்கும்படியும் ஏற்பாடு செய்தது. ஆண்டுக்குக் கீழே சில நாணயங்களில் வைரம் போன்ற குறி, சிலவற்றில் நட்சத்திரம், சிலவற்றில் ஒரு புள்ளி, சிலவற்றில் எதுவுமே இல்லாமல் இருப்பதையும் சந்தேகத்தோடு பார்க்கிறார்கள். முறையே மும்பை, ஹைதராபாத், நொய்டா, கொல்கத்தா ஆகிய நாணயச் சாலைகளில் அச்சானவை அவை, அவ்வளவுதான்.

கள்ள நாணயமே கிடையாது என்று சொல்லவில்லை. 2016-இல் டெல்லியில் அப்படி ஒரு பட்டறை பிடிபட்டது. கள்ள நோட்டும் அவ்வப்போது பிடிபடுகிறது. அதற்காக யாரும் ஐந்நூறு ரூபாய் நோட்டை வாங்காமல் இருப்பதில்லையே!

இரண்டாவது தவறுதான் எனக்கு மிகவும் வருத்தம் தருவது: மீதிச் சில்லறையாக வரும்போது வாங்க மறுத்துவிட்டு, நம்மிடம் இருப்பதை மட்டும் எங்கேயாவது தள்ளிவிடப் பார்ப்பது. பெரும்பாலும் எங்கே தள்ளுகிறோம்? எதிர்த்துப் பேசாத இடத்தில். கீரை விற்கும் அம்மாவிடம், பூக்காரரிடம், கோயில் வாசலில் தேங்காய் விற்பவரிடம். காலை வியாபாரம் முடிந்ததும் கீரைக்கார அம்மாவின் சுருக்குப்பையைப் பாருங்கள். நோட்டுகள் மடித்து ஒருபுறம் இருக்கும். பத்து ரூபாய் நாணயங்கள் மட்டும் ஒரு பிளாஸ்டிக் காகிதத்தில் தனியாக முடிந்து கிடக்கும். மறுநாள் விடியற்காலையில் மொத்த வியாபாரியிடம் கட்டு எடுக்கும்போது அவர் அதை வாங்கமாட்டார். "இது இங்கே போகாது அம்மா, நோட்டாகக் கொடுங்கள்" என்று ஒதுக்கிவைப்பார். அன்றைய முதலில் அந்தத் தொகை குறைந்துபோகும். வங்கியில் போய் மாற்றலாம்தான். வங்கி திறந்திருக்கும் நேரம் அவர் தெருத்தெருவாகக் கூடை சுமக்கும் நேரம்.

கைப்பேசியில் பணம் செலுத்துகிறவர்களுக்கு இந்தத் தொல்லை கண்ணிலேயே படாது. மிஞ்சியிருப்பது, கையில் காசு வைத்துப் பிழைக்கிறவர்கள். ஒரு நாணயம் ஓர் ஊரில் நின்றுபோனால் அதன் சுமை கடைசியாக இறங்குவது அவர்கள் தலையில். 2022-இல் தருமபுரி மாவட்டம் அரூர்ப் பகுதியைச் சேர்ந்த ஒருவர், ஆறு லட்சம் ரூபாயைப் பத்து ரூபாய் நாணயங்களாகவே கொடுத்து சேலத்தில் கார் வாங்கினார். அவருடைய அம்மா நடத்திய கடையில் அந்த நாணயங்களை வாடிக்கையாளர்கள் மீதியாக வாங்க மறுத்ததுதான் அவரை இதற்குத் தூண்டியது. செய்தியைப் படித்து வியந்தவர்கள் பலர். மறுத்தது வாடிக்கையாளர்கள் என்பதைக் கவனித்தவர்கள் குறைவு.

ஆகவே வாங்குங்கள். மீதி தரும்போது "பத்து ரூபாய்க் காசு இருந்தால் பரவாயில்லை, கொடுங்கள் அண்ணே" என்று நீங்களே கேளுங்கள். அந்த ஒரு பேச்சில் கடைக்காரர் முகம் மாறுவதைக் கண்கூடாகப் பார்க்கலாம். தன்னிடம் தேங்கிக் கிடப்பது வெளியே போகும் என்று தெரிந்தால், அடுத்தமுறை நீங்கள் நீட்டும் நாணயத்தை அவர் மறுக்கமாட்டார். ஒரு தெருவில் நாலைந்து வீட்டார் தொடர்ந்து இப்படிச் செய்தால் அந்தத் தெருக் கடையில் நாணயம் மறுபடியும் புழங்கத் தொடங்கிவிடும்.

கொடுக்கும் விதத்திலும் பிழை செய்கிறோம். பில் போட்டு, சாமான்களைப் பையில் அடுக்கி, பின்னால் நாலு பேர் நிற்கும்போது கைநிறையச் சில்லறையைக் கொட்டினால் யாருக்கும் எரிச்சல் வரும். ஐந்து ரூபாய்க் காசுகளுக்கு நடுவே பத்து ரூபாய் நாணயத்தை மறைத்துக் கொடுப்பது இன்னும் தவறு. அது நாணயத்தின் மீதான சந்தேகத்தை நாமே உறுதிப்படுத்துவதுபோல் ஆகிவிடும். முன்கூட்டியே, வெளிப்படையாக, எண்ணி, வகைவகையாகப் பிரித்து நீட்ட வேண்டும். உணவகத்தில் சாப்பிட உட்காரும் முன்பே சொல்லிவிடுவது நல்லது. சாப்பிட்டு முடித்த பிறகு நீங்கள் தருவது கடன் தொகை. செல்லும் பணத்தை அப்போது மறுப்பதற்கு அவருக்கு நியாயம் குறைவு என்பது உண்மைதான். ஆனாலும் இலை எடுத்த பிறகு வாக்குவாதம் செய்து யாருக்கு என்ன லாபம்? பஸ்ஸில் கட்டணத்துக்குச் சரியான தொகையாகக் கொடுங்கள். பத்து, இருபது ரூபாய் நாணயங்களை நடத்துநர்கள் மறுக்கக் கூடாது என்று அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் சுற்றறிக்கை அனுப்பியிருக்கின்றன. அதை அமைதியாக நினைவூட்டினாலே போதும்.

"வாங்காவிட்டால் தேசத்துரோக வழக்கு வரும்" என்று கடைக்காரரை மிரட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். நாணயச் சட்டத்தில் அப்படி ஒரு பேச்சே இல்லை. மிரட்டலுக்குப் பயந்து இன்று வாங்குகிறவர் நாளைக்கு வேறு ஒருவரிடம் மறுப்பார்.

அதே 2011 நாணயச் சட்டம் நம் பக்கத்துக்கும் ஓர் எல்லை போட்டிருக்கிறது. ஒரு ரூபாயும் அதற்கு மேற்பட்ட மதிப்புமுள்ள நாணயங்கள் ஆயிரம் ரூபாய் வரையிலான தொகைக்கே செல்லத்தக்கவை. ஐம்பது காசு நாணயம் பத்து ரூபாய் வரையில்தான். ஆகவே கோபத்தில் மூவாயிரம் ரூபாய் பாக்கியை ஒரு ரூபாய்க் காசுகளாகக் கொண்டுபோய்க் கொட்டினால், எதிரில் இருப்பவர் வாங்கியே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அவர் மனமொப்பி வாங்கினால் வாங்கலாம். இருபத்தைந்து காசும் அதற்குக் கீழானவையும் 2011 ஜூன் 30 முதல் செல்லாமல் போய்விட்டன. அவற்றைக் கடையில் நீட்டாதீர்கள். ஐம்பது காசு இன்றும் செல்லும் என்பதைக் கடைக்காரர்களே மறந்துவிட்டார்கள். ஐம்பது காசு மீதிக்கு மிட்டாய் கொடுத்துப் பழகியதன் விளைவு இது.

அடுத்து, கவனக்குறைவால் நடக்கும் பணநட்டம். 1992 முதல் பல ஆண்டுகள் வெளிவந்த எஃகு ஒரு ரூபாய் நாணயத்தையும், 2011 வரிசையைச் சேர்ந்த இரண்டு ரூபாய் நாணயத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் 25 மில்லிமீட்டர் விட்டம். நிறமும் ஒன்றே. மங்கிய விளக்கில் எண்ணைப் படிக்காமல் கொடுத்தால் ஏமாறுவது உறுதி. வயதானவர்களுக்குச் சில்லறை எண்ணிக் கொடுக்கும்போது மதிப்பை வாய்விட்டுச் சொல்லிக் கொடுங்கள்.

பத்தும் இருபதும்கூட இப்படித்தான். இரண்டுக்கும் 27 மில்லிமீட்டர் விட்டம்; இரண்டிலும் இரு உலோகங்கள். பத்து ரூபாயில் வெளிவளையம் மஞ்சள், நடுப்பகுதி வெள்ளை. இருபது ரூபாயில் அது தலைகீழ்: வெளிவளையம் வெள்ளை, நடுப்பகுதி மஞ்சள். இருபதுக்குப் பன்னிரண்டு பக்கங்கள் உண்டு. விரலால் ஓரத்தைத் தடவினாலே முனைகள் தட்டுப்படும். 2019 மார்ச்சில் அறிவிக்கப்பட்ட இந்தப் புதிய வரிசை, பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் தொட்டே அடையாளம் காண வேண்டும் என்ற நோக்கத்தோடு வடிவமைக்கப்பட்டது. மதிப்பு கூடக்கூட எடையும் கூடும்படி செய்திருக்கிறார்கள். கண் தெரியாதவர் நம்பிக் கையில் பிடிக்கக்கூடிய ஒரு நாணயத்தை, கண் தெரிந்த நாம் "புதுசாக இருக்கிறதே" என்று மறுப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

நினைவு நாணயங்கள் விஷயத்தில் இரண்டு எதிரெதிர்த் தவறுகள் நடக்கின்றன. 1995-இல் தஞ்சாவூரில் நடந்த எட்டாவது உலகத் தமிழ் மாநாட்டையொட்டித் திருவள்ளுவர் உருவத்தோடு ஒன்று, இரண்டு, ஐந்து ரூபாய் நாணயங்கள் வந்தன. அண்ணா நூற்றாண்டுக்கு வந்த ஐந்து ரூபாயில் அவருடைய தமிழ்க் கையெழுத்தே இருக்கிறது. இவை புழக்கத்துக்காகவே அச்சானவை. வழக்கமான உருவம் இல்லை என்பதற்காக மறுப்பது தவறு. ஆனால் நூறு ரூபாய், ஆயிரம் ரூபாய் என்று முகமதிப்பு போட்ட வெள்ளி கலந்த நாணயங்கள் வேறு வகை. தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக்கு வந்த ஆயிரம் ரூபாய் நாணயம், எம்.ஜி.ஆர்., எம்.எஸ். சுப்புலட்சுமி, கலைஞர் நினைவாக வந்த நூறு ரூபாய் நாணயங்கள் போன்றவை சேகரிப்பாளர்களுக்காக முகமதிப்பைவிடக் கூடுதல் விலைக்கு விற்கப்படுபவை. வீட்டு அலமாரியில் தாத்தா வைத்திருந்ததை நூறு ரூபாய்க்குக் கடையில் கொடுத்துவிட்டால் நட்டம் உங்களுக்குத்தான்.

மற்ற தவறு, பேராசை. வைஷ்ணவ தேவி உருவம் உள்ள ஐந்து ரூபாய்க்கு லட்சக்கணக்கில் தருகிறோம் என்று இணையத்தில் விளம்பரம் வரும். பேசத் தொடங்கினால் பதிவுக் கட்டணம், வரி, கமிஷன் என்று உங்களிடமிருந்துதான் பணம் போகும். ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லியே இந்த மோசடி நடப்பதாக அந்த வங்கி 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. பழைய நோட்டு, நாணயம் வாங்குவதற்கு அது யாரையும் நியமிக்கவில்லை, கட்டணமும் கேட்பதில்லை.

உண்டியலை உடைத்து நிறையச் சேர்ந்துவிட்டால் கடைக்குப் போகாமல் வங்கிக்குப் போங்கள். ஆயிரம் ரூபாய் எல்லை அங்கே குறுக்கே வராது. உங்கள் கணக்கில் எவ்வளவு நாணயம் வேண்டுமானாலும் செலுத்தலாம் என்கிறது ரிசர்வ் வங்கி. வகை பிரித்து, நூறு நூறாகப் பிளாஸ்டிக் பைகளில் போட்டுக்கொண்டு போனால் காசாளருக்கு வேலை எளிது. மாத முதல் வாரத்தையும் திங்கட்கிழமைக் காலையையும் தவிர்த்தால் இன்னும் நல்லது. எந்தக் கிளையும் நாணயத்தை மறுக்கக் கூடாது. மறுத்தால் முதலில் அந்த வங்கியிலேயே எழுத்தில் புகார் கொடுத்து, ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். முப்பது நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையம் வழியாக முறையிடலாம், கட்டணம் கிடையாது. எப்படி முறையிடுவது என்று 14448 என்ற எண்ணில் கேட்டுக்கொள்ளலாம்.