மின்தடைக்குப் பின்னும் மணி தவறாமல் இருக்க: லினக்ஸ் கணினிக்கான நேர ஒத்திசைவு மென்பொருள்

இரு பருவமழைகளும் பெய்யும் நம் குமரி மாவட்டத்தில், ஒரு ரப்பர் மரக்கிளை கம்பியில் விழுந்தாலே மின்சாரமும் இணையமும் சேர்ந்து போய்விடுகின்றன. ஆகவே லினக்ஸ் கணினிக்கு, இணையம் வழியே மணியைச் சரிசெய்யும் நேர ஒத்திசைவு மென்பொருளைத் தேடுபவர்கள், எது மிகத் துல்லியமானது என்பதைவிட, மின்சாரம் முதலிலும் இணையம் வெகுநேரம் கழித்தும் திரும்பும் காலையில் எது தடுமாறாமல் மணியைத் திருத்தும் என்பதையே முதலில் பார்க்க வேண்டும்.

தக்கலையில் ஒரு கடையின் பில் போடும் கணினியில், மின்சாரம் இல்லாதபோதும் கடிகாரத்தை ஓடவைக்கும், மதர்போர்டிலிருந்த சிஆர்2032 பேட்டரி தீர்ந்துபோயிருந்தது. இரவு மின்தடைக்குப் பின் அடித்த முதல் பில்லில் பல ஆண்டுகளுக்கு முந்தைய தேதி விழுந்திருந்தது. அதில் இயங்கிய என்டிபிடி என்ற பழைய ஒத்திசைவு மென்பொருள், ‘ஜி’ விருப்பம் இன்றித் தொடங்கப்பட்டால், கணினி மணிக்கும் சரியான மணிக்கும் உள்ள வேறுபாடு 1000 வினாடிகளைத் தாண்டியதும் திருத்தாமலே நின்றுவிடும். புதிதாக நிறுவுபவர்களுக்கு அதை நான் பரிந்துரைப்பதில்லை.

வீட்டில் ஒரே ஒரு கணினி என்றால், சிஸ்டம்டி டைம்சிங்க்டி போதும். அது நேரத்தைக் கேட்டுப் பெறும்; பிற கணினிகளுக்கு வழங்காது.

நாலைந்து கணினிகள் உள்ள கடைக்கும் அலுவலகத்திற்கும் க்ரோனி என்ற மென்பொருளே ஏற்றது. இணையம் விட்டுவிட்டு வரும் இடங்களையும் கருதி உருவாக்கப்பட்ட அது, கணினிக் கடிகாரம் எவ்வளவு முந்துகிறது, பிந்துகிறது என்பதைக் கணித்து வைத்துக்கொண்டு, தொடர்பில்லாத வேளையிலும் ஈடுசெய்கிறது. அமைப்புக் கோப்பில் ‘மேக்ஸ்டெப் 1.0 3’ என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். முதல் மூன்று திருத்தங்களில் வேறுபாடு ஒரு வினாடிக்கு மேலிருந்தால், மெல்ல நகர்த்தாமல் ஒரேயடியாக மாற்றச் சொல்லும் வரி அது. ஒரு கணினியை மற்றவற்றுக்கு நேரம் வழங்கவைக்க, ‘அலவ்’ வரியில் உங்கள் உள்வலையமைப்பின் முகவரியைச் சேர்த்து, ஃபயர்வாலில் யுடிபி 123ஆம் போர்ட்டைத் திறக்க வேண்டும். ‘லோக்கல் ஸ்ட்ராட்டம் 10’ என்று எழுதினால், இணையம் இல்லாதபோதும் எல்லாக் கணினிகளும் ஒரே மணி காட்டும். இணையத்தில் சரியான நேரம் தரும் நேர வழங்கிகள் நான்கையாவது கொடுங்கள். இரண்டு மட்டும் இருந்து அவை முரண்பட்டால், எது தவறென்று க்ரோனியால் அறிய முடியாது.

ஒரே கணினியில் இரண்டு ஒத்திசைவு மென்பொருள்களை இயக்காதீர்கள். நிறுவியபின் ‘க்ரோனிசி சோர்சஸ்’ கட்டளையில் ஏதேனும் ஒரு வழங்கியின் முன் நட்சத்திரக் குறி தெரிய வேண்டும். அது தெரிந்தும் மணி சரியாக ஐந்தரை மணிநேரம் பிந்தியிருந்தால், குறை மென்பொருளில் இல்லை. நேர மண்டலத்தை ‘ஏசியா/கொல்கத்தா’ என்று மாற்றுங்கள்.