பொய்த் தாக்குதலைப் படமாக்கும்போது செய்யும் தவறுகள்

1939 ஆகஸ்ட் 31 இரவு, போலந்து எல்லையருகே ஜெர்மனியில் இருந்த க்ளைவிட்ஸ் வானொலி நிலையத்தை, ஹிட்லரின் நாஜிக் கட்சிப் படையான எஸ்.எஸ். ஆட்களே, பழியைப் போலந்து மேல் போடுவதற்காகப் போலந்துக்காரர்கள் போல நடித்துத் தாக்கினார்கள். மறுநாள் விடியற்காலை ஜெர்மனி போலந்துக்குள் புகுந்தது. இதை வைத்துத் திரைக்கதை எழுதி என்னிடம் காட்டுபவர்கள், நான் ஒருகாலத்தில் செய்த தவறுகளையே செய்கிறார்கள். சீருடையும் கார் மாடலும் தப்பாக இருந்தால் கலை இயக்குநர் பார்த்துக்கொள்வார், விடுங்கள்.

உண்மையைக் கடைசிவரை ஒளித்துவைப்பது

வேண்டாம். தாக்கியது யார் என்பது முதல் காட்சியிலேயே தெரியட்டும்.

செத்தவரை வெறும் பிணமாகக் காட்டுவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் கோபம் வரும். தாக்குதலுக்குச் சாட்சி போலப் பிணமாகப் போட்டுவிட்டு வருவதற்கென்று பிடித்துவைத்த மனிதர்களுக்கு எஸ்.எஸ். வைத்த சங்கேதப் பெயர் 'கொன்சர்வ'. டப்பாவில் அடைத்த உணவு என்று அர்த்தம். க்ளைவிட்ஸில் அப்படிக் கொல்லப்பட்டவர் ஃபிரான்சிஷெக் ஹோனியோக். போலந்து ஆதரவாளர் என்று அறியப்பட்டவர்; அந்த எல்லைப் பகுதியான சிலேசியாவைச் சேர்ந்தவர். முந்தைய நாள்தான் அவரைக் கைது செய்திருந்தார்கள்.

என் முதல் குறும்படப் பிரதியில் அவருக்கு ஒரே வரி: 'வாசலில் ஒரு பிணம்.' நடிக்க வந்தவர், "சார், என் பேர் என்ன?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. "பேர் எதுக்கு, படுத்தா போதும்" என்று சொல்லி எடுத்துவிட்டேன். எடிட்டிங்கில் உட்கார்ந்தபோதுதான் உறைத்தது: கொலைகாரர்கள் அவரை எப்படிப் பார்த்தார்களோ, என் கேமராவும் அப்படியே பார்த்திருந்தது. திரும்ப இரண்டு இரவு படப்பிடிப்பு, கையிலிருந்த பணம் முழுக்கக் காலி. கொல்வதற்கு முன் போடும் மயக்க ஊசிக்காகத் தன் சட்டைக்கைப் பொத்தானை அவரே கழற்றுகிற காட்சியை அப்புறம்தான் சேர்த்தேன். விரல் நடுங்கும், பொத்தான் நழுவும், மறுபடி பிடிப்பார். இருபது நொடிகூட இல்லை. அதற்குப் பிறகு வாசலில் கிடப்பது யார் என்று பார்ப்பவருக்குத் தெரியும்.

பெரிய சண்டைக்காட்சி வைப்பது

போனது சின்னக் குழு. உள்ளே இருந்ததும் சில ஊழியர்கள்தான். பதற்றம் வேறு இடத்தில் இருக்கிறது. க்ளைவிட்ஸ், பிரெஸ்லாவ் நகர வானொலியின் நிகழ்ச்சியை வாங்கி ஒலிபரப்பும் நிலையம். பேசுவதற்கு ஸ்டூடியோ மைக் இல்லை. அவசர அறிவிப்புக்கான மைக்கைத் தேடிப்பிடித்துத்தான் போலிஷ் மொழியில் சில வார்த்தைகள் பேசினார்கள். அந்தத் தேடலை எடுங்கள்.

போருக்கு இதுதான் காரணம் என்று முடிப்பது

தாக்குதல் நடக்கும் முன்பே படையெடுப்பு உத்தரவில் ஹிட்லர் கையெழுத்துப் போட்டாயிற்று. அந்தக் கையெழுத்தைக் காட்டிவிட்டு வானொலி நிலையத்துக்குப் போங்கள்.