கர்ப்பப்பை வாய் புற்றுநோய் ஜீன் ஸ்டடி: புதுசா வர்றவங்க தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாசம் லேப்ல ஒரு பொண்ணு ஜெல் போட்டோவோட ஓடி வந்து "மேம், பேஷன்ட்ஸ் எல்லாருக்கும் ஆர்ஜினைன் தான்"னு சந்தோஷமா சொன்னா, எனக்கு வயிறு கலங்கிடுச்சு, ஏன்னா கட்டியில டிஎன்ஏ எடுத்துப் பாக்குற அதே தப்புல நான் ஒன்னரை வருஷம் தொலைச்சிருக்கேன். பிப்பெட், லேபிள் தப்பெல்லாம் பழகப் பழக சரியாயிடும், அத விடுங்க.

கட்டியில டிஎன்ஏ எடுக்குறது

பி53ங்கிறது புற்றுநோயத் தடுக்குற ஜீன், அதோட 72ஆவது கோடான்ல (ஒரு அமினோ அமிலத்தக் குறிக்கிற மூணு எழுத்து) ஆர்ஜினைனோ ப்ரோலைனோ இருக்கும். ரெண்டு பிரதியும் ஆர்ஜினைனா இருந்தா இந்த நோய உண்டாக்குற வைரஸான ஹெச்பிவியோட ஈ6 புரோட்டீன் பி53ஐ சுலபமா அழிச்சிடும், ரிஸ்க் சுமார் 7 மடங்குன்னு 1998ல நேச்சர்ல பேப்பர் வந்துச்சு, உடனே ஆளாளுக்கு அதையே பண்ணாங்க, சிலருக்கு அதே ரிசல்ட் வந்துச்சு, பலருக்கு வரல. நானும் பண்ணேன். நோயாளிங்களுக்கு பாரஃபின் பிளாக்ல (மெழுகுல பதப்படுத்தினது) இருந்த கட்டி, கன்ட்ரோலுக்கு, அதாவது ஒப்பிட எடுத்த நோயில்லாதவங்களுக்கு, ரத்தம். ஆர்ஜினைன் பிரதிய மட்டும் வெட்டுற என்சைம் போட்டு, டிஎன்ஏ துண்டுகள நீளவாரியா பிரிக்கிற ஜெல்ல ஓட்டினா, ஆர்ஜினைனோட 113, 86 எழுத்து நீளத் துண்டுங்க ரெண்டும் பளிச்சுனு நிக்குது, ப்ரோலைனோட 199 பேண்டக் காணோம். அப்புறம் ஒரு அம்மாவோட ரத்தம் கிடைச்சு ஓட்டினா மூணு பேண்டும் இருக்கு! பிறவியில அவங்களுக்கு ரெண்டு வகையும் இருந்திருக்கு, கட்டி வளர்றப்ப ப்ரோலைன் பிரதி தொலைஞ்சு போச்சு, அவ்ளோதான். நான் அளந்தது பிறவி ரிஸ்க்கே இல்ல, கட்டி பண்ணின வேலைய. 2009ல நிறைய ஸ்டடிகளோட டேட்டாவ ஒண்ணா சேத்து, முறையா செஞ்சத மட்டும் தனியா பாத்தாங்க, தொடர்பே இல்ல. ரத்தம் கிடைக்கலன்னா ஸ்டடிய தள்ளிப் போடுங்க, தயவுசெஞ்சு பிளாக்க தொடாதீங்க.

ஹார்டி-வைன்பெர்க் பாக்காம விடுறது

ரெண்டு வகையும் மொத்தத்துல எவ்ளோ இருக்குன்னு வெச்சு, எத்தனை பேருக்கு எந்த ஜோடி இருக்கணும்னு கணக்கு சொல்ற விதி இது. கன்ட்ரோல்ல பொருந்தலன்னா எழுத உக்காராதீங்க.

வேற இனக்குழுவ கன்ட்ரோலா வைக்கிறது

பூமத்திய ரேகைய நெருங்க நெருங்க ப்ரோலைன் கூடும். நோய்க்கும் அதுக்கும் சம்பந்தமில்ல, ஆனா வேற இனக்குழுவோட ஒப்பிட்டா நோயால வந்த வித்தியாசம் மாதிரி தெரியும்.

வைரஸ மறக்குறது

ஹெச்பிவி இல்லாம இந்த நோய் வர்றதே அபூர்வம், தொத்துனவங்கள்லயும் பெரும்பாலானவங்களுக்கு ரெண்டு வருஷத்துக்குள்ள தானா போயிடும். அதனால தொத்தின வைரஸ் தானா போயிட்டவங்களையும், போகாம தங்கிட்டவங்களையும் ஒப்பிடுங்க. ஹெச்எல்ஏ பக்கம் திரும்பத் திரும்ப சிக்னல் வர்றதும் அதனாலதான், உடம்பு வைரஸ அடையாளம் காட்டுற ஜீனுங்க அது.

ஜீன் ரிசல்ட்ட வெச்சு தைரியம் சொல்றது

ஹெச்எல்ஏ ஜீன்கள்ல ஒண்ணான டிஆர்பி1ஓட 13 வகை ஓரளவு பாதுகாப்பு தரும்னு ஸ்டடிக்கு வந்த ஒருத்தங்க கிட்ட சொல்லிட்டேன். "அப்போ எனக்கு ஸ்க்ரீனிங் வேணாமா?"ன்னு கேட்டாங்க. பதறிப் போய் அன்னைக்கே கூட்டிட்டுப் போய் டெஸ்டுக்கு பேர் குடுத்துட்டு வந்தேன்.