பாட்டியின் காதிலிருந்து ஒரு செயல்திட்டம்: ஊர்த் திறமையை வைத்து மாணவர்கள் தொடங்குவது எப்படி?

கடலூர் மாவட்டத்தின் பண்ருட்டி பக்கம் பெண்கள் முந்திரிக்கொட்டையைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்ப்பார்கள். உள்ளே பருப்பு கலகலவென்று ஆடினால் காய்ந்துவிட்டது. சத்தம் இல்லையா, இன்னும் ஒரு வெயில் காட்ட வேண்டும். ஈரப்பதம் அளக்க எந்தக் கருவியும் இல்லாமல் காதாலேயே சொல்லிவிடும் இந்தப் பெண்களின் அறிவிலிருந்துதான் நம் பிள்ளைகளின் செயல்திட்டம் தொடங்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

படி 1: குறைப் பட்டியலை ஒதுக்குங்கள்

"உங்கள் ஊரின் பிரச்சினைகளை எழுதுக" என்றால் பக்கம் பக்கமாக எழுதலாம். 2004 சுனாமி, 2011 தானே புயல், 2015 வெள்ளம் என்று கடலூர் படாத பாடு இல்லை. ஆனால் அந்தப் பட்டியலில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை நாளைக்கே கை வைக்கக்கூடியது எதுவும் இருக்காது. இருப்பதிலிருந்து தொடங்கும் முறையை 1993இல் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் கிரெட்ஸ்மன், மெக்நைட் என்ற இருவர் எழுதி வைத்தார்கள். நாம் மூன்றே கேள்விகள் கேட்போம்: நம் தெருவில் யாருக்கு என்ன கை வரும்? எந்தப் பொருள் வீணாகிறது? ஆட்கள் எங்கே கூடுகிறார்கள்?

படி 2: போய் உட்கார்ந்து கேளுங்கள்

இரண்டு இரண்டு பேராகப் போகட்டும். படிவம் வேண்டாம். போன வருஷம் நான் அச்சடித்த படிவத்தைக் கொடுத்து அனுப்பினேன். தாளைக் கண்டதும் ஏதோ மானியம் வரப்போகிறது என்று நினைத்து எல்லோரும் கஷ்டங்களையே சொன்னார்கள். இந்த வருஷம் பிள்ளைகள் வெறுங்கையோடு போய், "பாட்டி, இதை யாருகிட்ட கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டார்கள். ஒரு மணி நேரம் பேச்சு நிற்கவில்லை.

நேரமும் முக்கியம். மீன் ஏலம் நடக்கும்போது துறைமுகத்தில் யாரும் பேச மாட்டார்கள். வலையைச் சரிசெய்ய உட்காரும்போது போங்கள். படம் எடுக்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 3: தெரிந்த கையையும் வீணாகும் பொருளையும் ஒன்றுசேர்த்துப் பாருங்கள்

எங்களுக்குக் கிடைத்தது முந்திரிப்பழம். கொட்டையைத் திருகி எடுத்தபின் பழம் பெரும்பாலும் தோப்பிலேயே கிடந்து அழுகும். ஆரஞ்சைவிட அதில் வைட்டமின் சி பல மடங்கு அதிகம். ஆனால் டானின் என்ற துவர்ப்புப் பொருள் இருப்பதால் தொண்டை கமறும், பறித்த ஒரு நாளிலேயே புளித்தும் போகும்.

கமறலை எடுக்க வடித்த கஞ்சி போதும். கஞ்சியின் மாவுச்சத்து டானினைப் பிடித்துக்கொண்டு அடியில் படிந்துவிடும். சோதனை இப்படி: காலையில் பறித்த நல்ல பழங்களைக் கழுவிப் பிழிந்து வடிகட்டுங்கள். நான்கு பாத்திரங்களில் தலா ஒரு லிட்டர் சாறு. ஒன்றில் கஞ்சி வேண்டாம். மற்றவற்றில் ஆறிய நீர்த்த கஞ்சி 50, 100, 150 மில்லி. கலக்கி, தெளியும்வரை அசைக்காமல் வையுங்கள். மேலே தெளிந்ததை மட்டும் இறுத்து, உடனே கொதிக்கவைத்து, ஆறியபின் ருசி பாருங்கள். எதில் கமறல் குறைவு, எதில் பழத்தின் மணம் நிற்கிறது என்று நோட்டில் எழுதுங்கள். அறிவியல் செயல்திட்டம் இதிலேயே முடிந்துவிட்டது.

ஒரு எச்சரிக்கை: கொட்டையின் ஓட்டைப் பிள்ளைகள் உடைக்கக் கூடாது. அதிலுள்ள எண்ணெய் பட்டால் தோல் வெந்துவிடும்.

புதுச்சேரிப் பிள்ளைகளுக்கு வில்லியனூர் சுடுமண் வேலையும் திருக்கனூர் காகிதக்கூழ் பொம்மையும் இருக்கின்றன. இரண்டுமே புவிசார் குறியீடு (அந்த ஊருக்கே உரிய பொருள் என்ற அரசு அங்கீகாரம்) பெற்றவை. அங்கே போனால் இதே மூன்று கேள்விகள்தான்.

படி 4: கணக்கு எழுதுங்கள்

பள்ளி விழாவில் 20 பாட்டில் சாறு விற்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். சர்க்கரை 90 ரூபாய், பாட்டில் 160, கேஸ் 50. மொத்தம் 300, ஒரு பாட்டில் 15 ரூபாய் என்று பிள்ளைகள் எழுதுவார்கள். சொல்லிக்கொடுத்த பாட்டியின் அரை நாள் கூலி எங்கே? 200 ரூபாய் சேர்த்தால் 500, பாட்டில் அடக்கம் 25. இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. அவருடைய அறிவு இலவசம் என்று பிள்ளைகள் ஒருமுறை பழகிவிட்டால், நாளைக்குத் தொழில் செய்யும்போதும் அப்படியே நடப்பார்கள்.

படி 5: தொடர்ந்து விற்பதானால்

வீட்டுப் பெரியவர் பெயரிலோ அம்மாவின் சுய உதவிக் குழு மூலமாகவோ செய்யுங்கள். உணவுப் பொருளுக்கு எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) பதிவு கட்டாயம். சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவை இணையத்தில் இலவசமாகச் செய்யலாம், இடைத்தரகருக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

அப்புறம், முதல் பாட்டிலை விற்காதீர்கள். பாட்டி வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள். ஒரு வாய் குடித்துவிட்டு "இன்னும் கமறுதே கண்ணு" என்றால், கஞ்சி அளவை மாற்றி மறுபடி பிழியுங்கள்.