முகத்துவாரக் கரையில் நடைபாதை: கூட்டுக்குழுக்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நான் இருந்த குழு முகத்துவாரக் கரையை முதன்முதலில் அளக்கப் போனது வளர்பிறை அஷ்டமியை ஒட்டிய ஒரு நாளில். நல்ல வெயில், தண்ணீர் வற்றிக் கிடந்தது. ஒரு பக்கம் உவர்ச் சதுப்பு, இன்னொரு பக்கம் பழைய மண்கரை, நடுவே ஆட்கள் மிதித்து மிதித்து உண்டான ஒற்றையடித் தடம். அதையே அகலப்படுத்திவிடலாம் என்று எல்லோருக்கும் தோன்றியது. முளைக்குச்சிகளை அடித்து, சிவப்புத் துணி கட்டிவிட்டுத் திரும்பினோம். ஒரு வாரம் கழித்து, பௌர்ணமிக்கு மறுநாள், நீர் ஏறிய நேரத்தில் போய்ப் பார்த்தால் ஏழு குச்சிகளின் தலை மட்டும் தெரிந்தது. மற்றவை தண்ணீருக்குள் போயிருந்தன.

ஆற்றின் முகத்துவாரத்தில் பாதையைச் சீர்செய்யச் சேரும் கூட்டுக்குழுக்களில் பலதரப்பட்டவர்கள் இருப்பார்கள். உள்ளாட்சி, நிலக்காரர்கள், துறைமுக நிர்வாகம், பறவை ஆர்வலர்கள், தினமும் நடக்கிறவர்கள் என்று ஆளுக்கொரு அக்கறை. அத்தனை பேர் சேர்ந்தும் தவறு நடக்கிறது என்றால், அதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: எல்லோரும் நீர் வற்றிய நேரத்துக் கரையை மனதில் வைத்துக்கொண்டு பேசுகிறார்கள்.

ஒரே ஒரு நாள் பார்த்துவிட்டு முடிவெடுப்பது

கடல் ஒரு நாளில் ஏறக்குறைய இரண்டு முறை ஏறி இரண்டு முறை வற்றுகிறது. ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிடம். அதனால் ஏற்ற நேரம் தினமும் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும். இன்று காலை பத்து மணிக்குக் காய்ந்து கிடக்கும் தடம், அடுத்த வாரம் அதே பத்து மணிக்கு முழங்கால் தண்ணீரில் இருக்கலாம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றம் அதிகம். அஷ்டமியை ஒட்டிக் குறைவு. மார்ச், செப்டம்பர் மாதங்களில், பகலும் இரவும் சமமாகும் நாட்களின் பக்கத்தில் வரும் ஏற்றங்கள் பொதுவாக ஆண்டின் பெரிய ஏற்றங்கள். அட்டவணையில் போட்டிருக்கும் உயரமும் இறுதியானதல்ல. காற்றழுத்தம் 1 மில்லிபார் குறைந்தால் கடல்மட்டம் சுமார் 1 சென்டிமீட்டர் உயரும். புயற்சின்னம், கரை நோக்கிய காற்று, ஆற்றில் மேலிருந்து வரும் வெள்ளம் மூன்றும் ஒரே நாளில் கூடினால் அட்டவணை போதாது.

அளவுகோல் எடுக்கும் முன்பே கரை நமக்குச் சொல்லிவிடும். காய்ந்த நாணல், சுள்ளி, பாட்டில் மூடி எல்லாம் ஒரு கோடாக ஒதுங்கிக் கிடக்கும் இடம்தான் அண்மையில் வந்த ஏற்றத்தின் எல்லை. இரண்டு மூன்று கோடுகள் இருந்தால் மிக மேலே இருப்பதைக் கணக்கில் கொள்ளுங்கள். இன்னொரு சாட்சி உமரிச் செடி. சதைப்பற்றான, கணுக்கணுவான அந்தத் தண்டு நிற்கும் மண்ணுக்கு உப்புநீர் வந்துபோகிறது. அங்கே சரளை கொட்டினால் அது நிலைக்காது, செடியும் பிழைக்காது.

சேற்றின் ஆபத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2004 பிப்ரவரியில் இங்கிலாந்தின் மோர்கேம்பே விரிகுடாவில் இரவில் சிப்பி பொறுக்கிக்கொண்டிருந்த சீனத் தொழிலாளர்கள் 20 பேருக்கு மேல், ஏறிவந்த கடலில் மாட்டி இறந்தார்கள். அங்கே தண்ணீர் முன்னால் மட்டும் வருவதில்லை. ஓடைகள் வழியாகச் சுற்றிவந்து முதுகுக்குப் பின்னாலும் நிரம்பும். உங்கள் பாதை சேற்றுவெளியின் விளிம்பில் ஓரிடத்தில் முடிந்து, எதிரே அரைக் கிலோமீட்டரில் மறுபடி தெரிந்தால், குறுக்கே போகலாம் என்று யாருக்காவது தோன்றும். அப்படித் தோன்றவைக்கும் முனையை நாமே உண்டாக்கக் கூடாது.

தண்ணீரை ஒட்டியே போக வேண்டும் என்ற பிடிவாதம்

நடக்க வருகிறவர்கள் தண்ணீரைப் பார்க்க ஆசைப்படுவது இயல்பு. அந்த ஆசை எனக்கும் உண்டு. ஆனால் முழு நீளமும் விளிம்பிலேயே போக வேண்டும் என்று குழு உட்கார்ந்துகொண்டால் மண்ணும் பறவையும் சேர்ந்து அடிவாங்கும்.

இங்கிலாந்தின் கடலோரப் பாதைக்கு அடிப்படையான 2009 ஆம் ஆண்டுக் கடல், கடலோர அணுகல் சட்டத்தில் முகத்துவாரத்துக்குத் தனிப் பார்வை உண்டு. பாதையை ஆற்றின் வாயிலேயே நிறுத்தலாம், அல்லது மக்கள் நடந்து கடக்கக்கூடிய முதல் பாலமோ சுரங்கமோ வரும்வரை ஆற்றோரமாக மேலே கொண்டுபோகலாம். படகுத்துறை இருக்கிறதா, ஆறு எவ்வளவு அகலம், கரை எப்படிப்பட்டது என்பதையெல்லாம் எடைபோட்டு முடிவெடுக்க வேண்டும். நடக்கத் தகாத உவர்ச் சதுப்பிலும் சேற்றுவெளியிலும் பொதுமக்கள் இறங்குவதைத் தடுக்க அங்கே சட்டம் இடம் தருகிறது. கரை அரித்துப் போனால் பாதை உள்ளே நகர்வதற்கான ஏற்பாட்டையும் முன்கூட்டியே திட்டத்தில் எழுதிவிட முடியும். இதை எல்லா இடத்துக் குழுக்களும் கடன் வாங்கலாம். பாதைக்குப் பின்னால் நகர இடமில்லாதபடி சுவரோ வேலியோ வைத்துவிட்டால், ஒருநாள் கரையோடு பாதையும் போகும்.

பறவைகள் விஷயத்தில் நம்மை ஏமாற்றுவதும் அதே வற்றிய நேரம்தான். நீர் வற்றும்போது கரைப்பறவைகள் சேற்றுவெளி முழுக்கச் சிதறி, நமக்கு எட்டாத தூரத்தில் புழுவும் சிப்பியும் தேடிக்கொண்டிருக்கும். அப்போது பார்க்கிறவர், ‘பாதையால் இவற்றுக்கு என்ன தொல்லை?’ என்றுதான் கேட்பார். நீர் ஏறும்போது உணவுவெளி மூழ்கும். பறவைகள் மிஞ்சிய மேட்டில் ஒன்றாக வந்து ஒண்டும். அந்த மேடு பல இடங்களில் நம் பாதையின் காலடியில்தான் இருக்கும். அங்கே கட்டில்லாமல் ஓடும் ஒரு நாய் போதும், கூட்டம் மொத்தமும் எழும்பிவிடும். ஒரு காலையில் நாலைந்து முறை இப்படி எழும்பினால், தின்று சேர்த்த சக்தி அதற்கே செலவாகிறது.

அந்தச் சக்தியின் மதிப்பு தெரிய ஒரு பயணத்தைச் சொல்ல வேண்டும். 2022 அக்டோபரில் அலாஸ்காவிலிருந்து கிளம்பிய பட்டைவால் மூக்கன் ஒன்று எங்கும் இறங்காமல் 11 நாளில் 13,560 கிலோமீட்டர் பறந்து டாஸ்மேனியாவை அடைந்தது. பறந்து வந்தவை இளைத்த உடம்போடு இறங்குவதும், அடுத்த பயணத்துக்குக் கொழுப்பு சேர்ப்பதும் இப்படிப்பட்ட சேற்றுக்கரைகளில்தான்.

ஆகவே பறவை ஒதுங்கும் மேடு எங்கே என்பதை ஏற்ற நேரத்தில், பல மாதங்கள் பார்த்துக் குறியுங்கள். அந்த நீளத்தில் மட்டும் பாதையை மண்கரையின் உட்பக்கத்துக்கு இறக்கிவிடலாம். கரைமேல் நடக்கும் ஆளின் உருவம் வானத்துக்கு எதிரே தெரிவதுதான் பறவைகளை மிரட்டுகிறது. உட்பக்கம் போனால் அது மறைந்துவிடும். நடுவே ஓரிரு இடத்தில் மறைப்புத் தட்டி வைத்து, பார்க்கத் துளை விடுங்கள். துளைகளில் ஒன்றிரண்டு உட்கார்ந்திருப்பவரின் கண்மட்டத்துக்கு இருக்கட்டும். கட்டுமான வேலையையும் பறவைகள் வந்து தங்கும் மாதங்களுக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தின் டெவன் பகுதியில் உள்ள எக்ஸ் ஆற்று முகத்துவாரத்துக்குச் சைபீரியாவிலிருந்து பிரென்ட் வாத்துகள் குளிர்காலத்தைக் கழிக்க வருகின்றன. அப்படிப்பட்ட கரையில் குளிர்காலத்தில் இயந்திரம் இறக்கினால் வந்த விருந்தாளியை வாசலிலேயே விரட்டியது போலாகும்.

சாய்தளம் வைத்தால் எல்லோருக்குமான பாதை ஆகிவிடும் என்று நினைப்பது

எங்கள் குழுவில் சக்கர நாற்காலியில் வரும் அக்கா ஒருவர் சேர்ந்தபிறகுதான் எனக்கு இது உறைத்தது. புதிதாகப் போட்ட இரும்புக் கதவுக்கு அவரைப் பெருமையோடு அழைத்துப் போனோம். கதவின் முன் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார்.

“கதவு நல்ல அகலம்தாங்க. ஆனா அது என் பக்கமா இல்ல திறக்குது? திறக்கும்போது நான் பின்னால போகணும். பின்னால சரிவு. நான் எங்க நிக்கிறது?”

கதவை அளந்த எங்களில் ஒருவரும் கதவின் முன்னால் இருக்கும் தரையை அளக்கவில்லை. நாற்காலி நின்று திரும்ப அங்கே ஒரு சமதளம் வேண்டும். தாழ்ப்பாள் உட்கார்ந்த கைக்கு எட்ட வேண்டும்.

அணுகல் என்பது சங்கிலி மாதிரி. ஐந்து கிலோமீட்டர் நல்ல பாதையில் ஏறித் தாண்டும் படிவேலி ஒன்று இருந்தாலே, அங்கேயே சிலருக்குப் பாதை முடிந்துபோகிறது. வேலியில் வழி விடுவது குறித்த பிரிட்டிஷ் தரநிலையான பி.எஸ். 5709 ஒரு நல்ல வரிசையைத் தருகிறது: முதலில் வெறும் இடைவெளி போதுமா என்று பார், போதாவிட்டால் கதவு, படிவேலியெல்லாம் கடைசியில். கால்நடை இல்லாத இடத்தில் கதவே எதற்கு என்று நிலக்காரரிடம் கேட்டுப் பார்க்கத் தயங்காதீர்கள். பல கதவுகள் காரணம் போனபின்பும் பழக்கத்தால் நிற்கின்றன.

அகலத்தைப் பொறுத்தவரை, சக்கர நாற்காலியும் நடந்து வருகிறவரும் ஒருவரையொருவர் தாண்டிப்போகச் சுமார் 1.5 மீட்டர் வேண்டும். இரண்டு நாற்காலிகளுக்கு 2 மீட்டர். சரிவு இருபதுக்கு ஒன்றை, அதாவது இருபது அடி நீளத்துக்கு ஓரடி உயரத்தைத் தாண்டாமல் இருந்தால் கைகளுக்கு நல்லது. மரப்பலகைப் பாதையில் பலகைகளைப் போகும் திசைக்குக் குறுக்காகப் போடுங்கள். நீளவாக்கில் போட்டால் சிறு முன்சக்கரமும் ஊன்றுகோலும் இடுக்கில் இறங்கிவிடும். விளிம்பில் சக்கரம் நழுவாதபடி ஒரு தடுப்புக் கட்டை அவசியம்.

இங்கேயும் நீர் ஏறும் நேரத்தை மறக்கக் கூடாது. ஏற்றத்தில் ஒரு துண்டு மூழ்கும், அதற்கு மாற்றுவழி உண்டு என்று திட்டத்தில் எழுதுவோம். அந்த மாற்றுவழியில் படிக்கட்டு இருந்தால், தண்ணீர் ஏறும் ஒவ்வொரு முறையும் நாற்காலியில் வந்தவர் இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொள்வார். மாற்றுவழியும் முதன்மைப் பாதையைப் போலவே நாற்காலிக்கு ஏற்றதாக இருக்க வேண்டும்.

நிலம் யாருடையது என்று தெரியாமல் ஜல்லி வாங்குவது

முகத்துவாரக் கரையில் பத்தடிக்கு ஒரு சொந்தக்காரர் இருக்கலாம். ஏற்றத்துக்கும் வற்றுக்கும் இடைப்பட்ட நிலம் ஒருவருடையது, வெள்ளத்தடுப்புக் கரை இன்னொரு துறையினுடையது, அதற்குப் பின்னால் வயல், அதற்கப்பால் ரயில்பாதை. எக்ஸ் முகத்துவாரத்தின் மேற்குக் கரையில் புருனல் பொறியாளராக இருந்து போட்டு 1846-இல் திறந்த ரயில்பாதை இன்றும் தண்ணீரை ஒட்டியே ஓடுகிறது. அப்படிப்பட்ட கரையில் தண்டவாளத்தை எங்கே கடப்பது என்பதுதான் பாதையின் வடிவத்தையே தீர்மானிக்கும். வாய்வார்த்தையாகக் கிடைத்த சம்மதம் நிலம் கைமாறும் நாள்வரைக்கும்தான் செல்லும். எழுத்தில் வாங்குங்கள்.

தூண்டில் போடுகிறவர்கள், புழு தோண்டுகிறவர்கள், படகு கட்டுகிறவர்கள் பெரும்பாலும் கூட்டத்துக்கு வருவதில்லை. கூட்டம் வைக்கும் நேரம் அவர்கள் தண்ணீரில் இருக்கும் நேரம். அவர்களைத் தேடிக் கரைக்குப் போக வேண்டியது குழுவின் வேலை. எந்த ஓடை வருஷாவருஷம் இடம் மாறுகிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

திறப்புவிழாவோடு பணம் தீர்ந்துபோவது

பாதை போட நிதி கிடைக்கும், பராமரிக்கக் கிடைப்பது கடினம். உப்புக் காற்றில் சாதாரண ஆணி துருப்பிடிக்கும். நிழலில் உள்ள பலகையில் பாசி படர்ந்து வழுக்கும். கோடையில் இருபுறமும் புதர் அடைத்து 1.5 மீட்டர் பாதை ஒற்றையடித் தடமாகும். யார், எந்த மாதம், எந்தத் துண்டை வெட்டுவது என்று முதல் குச்சி அடிக்கும் முன்பே ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். பராமரிக்க ஆளில்லாத ஐந்து கிலோமீட்டரைவிட, ஆள் உள்ள இரண்டு கிலோமீட்டரே மேல் என்பது என் கருத்து. இதற்காகக் குழுவில் சண்டை வந்தாலும் பரவாயில்லை.

ஓடைக்குக் குறுக்கே மண் கொட்டி மேடாக்குவதும் பணத்தை மிச்சப்படுத்த நடக்கும் காரியம்தான். அப்படிச் செய்தால் சதுப்புக்குள் உப்புநீர் போய்வருவது நின்று, உள்பக்கம் சில ஆண்டுகளில் வேறு நிலமாக மாறிவிடும். கால்கள் ஊன்றிய சிறு பாலம் செலவு கூடுதல், ஆனால் நீர் போய்வரும்.

கடைசியாக, செலவே இல்லாத ஒன்று. வழிநெடுகக் கம்பங்களுக்கு எண் போடுங்கள். சேற்றில் ஒருவர் சிக்கினால், அவசர உதவிக்கு அழைப்பவர் இடத்தைச் சொல்ல ஓர் எண் போதும். அதே கம்பத்தில், சிக்கியவர் பின்னால் சாய்ந்து உடல் எடையைப் பரப்ப வேண்டும், மற்றவர்கள் பின்தொடர்ந்து சேற்றில் இறங்கக் கூடாது என்ற இரண்டு வரியையும் எழுதுங்கள்.

நாங்கள் இரண்டாம் முறை குச்சி அடித்தது அமாவாசைக்கு மறுநாள், தண்ணீர் முழுக்க ஏறி நின்ற நேரத்தில். மண்கரையின் உட்பக்கம் புதிய கோடு போனது. அளவு நாடாவின் ஒரு முனையை நான் பிடித்திருந்தேன். மறுமுனையை அக்கா பிடித்தபடி முன்னால் போனார். அவர் எங்கெல்லாம் நின்றாரோ அங்கெல்லாம் ஒரு குச்சி அடித்தோம்.