அப்பாவப் பத்தி எழுத உக்காரும்போது

குடும்பத்தையும் தொழிலையும் ஒண்ணா சுமந்த மனுஷன் போய்ட்டாருன்னா, அந்த துக்கத்துலயே "அவரப் பத்தி நாலு வரி எழுதிக்குடு, நீதான் பேசணும்"னு நம்மகிட்ட வந்து நிப்பாங்க. நாமளும் கடின உழைப்பாளி, அன்பான கணவர், பாசமான தந்தைன்னு ஆரம்பிச்சிடுவோம். எங்க அப்பாவுக்கு நான் முதல்ல எழுதினது அப்படித்தான் இருந்துச்சு, பேர மட்டும் மாத்தினா யாருக்கு வேணும்னாலும் பொருந்தும், கிழிச்சுட்டேன்.

அதனால எடுத்த உடனே எழுதாதீங்க, முதல்ல ஆளுங்கள கேளுங்க. அதுலயும் அவர்கிட்ட வேலை பாத்தவங்கள கண்டிப்பா கேளுங்க, ஏன்னா நமக்குத் தெரிஞ்சதெல்லாம் ராத்திரி களைச்சுப்போய் வீட்டுக்கு வந்த மனுஷன்தான், பகல் பூரா அவரப் பாத்தவங்க அவங்கதான். "எப்படிப்பட்டவரு"ன்னு கேட்டா தங்கமான மனுஷன்னு சொல்லிட்டு கண்ண துடைச்சுக்குவாங்க. நீங்க வேலைக்கு சேந்த அன்னிக்கு என்ன சொன்னாரு, எதுக்கெல்லாம் கோவம் வரும், பணம் முடையா இருந்த மாசம் சம்பளத்துக்கு என்ன பண்ணாருன்னு கேளுங்க. சொல்லிட்டு போன்ல ரெக்கார்ட் பண்ணிக்கோங்க, எழுதிக்கிட்டே கேட்டா பாதி விட்டுப்போகும்.

அப்பாவோட பிரஸ்ல ரொம்ப வருஷமா மிஷின் ஓட்டின அண்ணன்கிட்ட இப்படி கேட்டப்பதான் ஒரு விஷயம் தெரிஞ்சுது. சாயங்காலம் நான் ஸ்கூல் விட்டு வந்து போன் பண்ணா, எவ்வளவு அவசர ஆர்டரா இருந்தாலும் மிஷின நிறுத்தச் சொல்லுவாராம், "சத்தத்துல பாப்பா பேசறது கேக்காதுப்பா"ன்னு. இத்தன வருஷமா அந்தப் பக்கம் ஏன் அவ்வளவு அமைதியா இருந்துச்சுன்னு நான் யோசிச்சதே இல்ல. வீடும் தொழிலும் ஒண்ணா வந்து நிக்கிற இந்த மாதிரி ஒரு இடம் உங்களுக்கும் கெடைக்கும், அதுலேந்து எழுத ஆரம்பிங்க.

அப்புறம் பேப்பர், போட்டோ. பழைய கணக்கு நோட்டுல ஓரத்துல கிறுக்கினதக்கூட விடாதீங்க. பில்லு மாதிரி வழவழன்னு இருக்கிற தெர்மல் பேப்பர்ல எழுத்து மங்கிடும், அத முதல்ல ஸ்கேன் பண்ணுங்க. சின்ன போட்டோன்னா ஸ்கேன் பண்ணும்போது டிபிஐ-ய, அதாவது படம் எவ்வளவு நுணுக்கமா பதியணும்கிற அளவ, 600-ன்னு வைங்க, பெருசாக்கி பிரிண்ட் போடலாம். சொந்தக்காரங்க வாட்ஸ்அப்ல அனுப்பினா டாக்குமெண்ட்டா அனுப்பச் சொல்லுங்க, சும்மா அனுப்பினா தரம் குறைஞ்சிடும். போட்டோவுல யார் யாருன்னு வயசானவங்கள உக்கார வச்சு கேட்டு, பின்னாடி பென்சில்ல மெதுவா எழுதுங்க, பேனா வேணாம், அழுத்தி எழுதினா முன்பக்கம் தடம் விழும்.

வருஷம் மட்டும் யார் வாய்ச்சொல்லையும் நம்பாதீங்க. தொழில் எப்ப ஆரம்பிச்சாருன்னு கேட்டா ஆளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க. ரெஜிஸ்ட்ரேஷன் பேப்பர், முதல் வாடகை ஒப்பந்தம் ஏதாவது இருந்தா அதப் பாத்து போடுங்க.

தொழில் நொடிச்ச காலத்தயும் எழுதலாம், எழுதணும்னுதான் நான் சொல்லுவேன், அவரு எப்படி எழுந்து நின்னாருன்னு அதுலதான் தெரியும். ஆனா அம்மாகிட்ட கேட்டுட்டு எழுதுங்க, கடன் வாங்கினவங்க குடுத்தவங்க பேரு வேணாம். எல்லாரும் பாக்கிற மாதிரி போடறீங்கன்னா முழு பிறந்த தேதி, வீட்டு அட்ரஸ் வேணாம், அத வச்சு ஏமாத்தறவங்க இருக்காங்க.

மேடையில பேசறதா இருந்தா 5 நிமிஷம் போதும். டைமர் வச்சு சத்தமா படிச்சுப் பாருங்க, பெரிய எழுத்துல பிரிண்ட் எடுங்க, இன்னொரு காப்பி தம்பிகிட்டயோ தங்கச்சிகிட்டயோ இருக்கட்டும். நடுவுல தொண்டை அடைச்சா அவங்க படிக்கட்டும், அதுல ஒரு தப்பும் இல்ல.

எல்லாத்துக்கும் முன்னாடி அம்மாவுக்கு படிச்சுக் காட்டிடுங்க. நான் அந்த மிஷின் கதைய படிச்சப்ப அம்மா கொஞ்ச நேரம் பேசல, அப்புறம் "உக்காந்து பேசினாருன்னு எழுதியிருக்கியே, உன் போன் வந்தா அவரு நின்னுக்கிட்டுதான்டி பேசுவாரு"ன்னாங்க. அந்த வரிய மாத்தினேன்.